மீதி ஐந்து எங்கே போனது

கண்ணாடிக்கடைக்காரருக்கு டென்னிஸைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அதை மஞ்சள் பந்தால் ஆடுவார்கள் என்பது மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு, மகளுக்குச் சம்பந்தம் பேசப் போன வீட்டில், "டென்னிஸா, அது நமக்கு உயிராச்சே" என்று சொல்லிவிட்டார்.

அப்படிச் சொன்னதற்கு ஒரு காரணம் இருந்தது. மாப்பிள்ளையின் அம்மா பல் டாக்டர். எதிரே இருப்பவர் பேசினால் அந்த அம்மாள் கண்ணைப் பார்ப்பதில்லை, வாயைப் பார்ப்பார். தொழில் பழக்கம். கண்ணாடிக்கடைக்காரர் பல்லைச் சரியாகப் பராமரிக்காதவர். அவர் மனைவியும் அப்படியே. ஆகவே இருவரும் உதட்டை இறுக மூடிக்கொண்டு சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளைப் பையனுக்குச் சுபாவமாகவே பேச்சு வராது. மகள் மட்டும் எல்லோரையும் பார்த்துப் புன்னகைத்துப் புன்னகைத்துக் கன்னம் வலித்து ஓய்ந்துபோனாள். அறையில் மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

கண்ணாடிக்கடைக்காரருக்குப் பேச்சில்லாத இடத்தில் மூச்சு முட்டும். கடையில் மூக்கின் மேல் ஃபிரேமை வைத்துப் பார்க்கிற நேரத்துக்குள் வாடிக்கையாளரின் மூன்று தலைமுறைக் கதையைக் கேட்டுவிடுகிற மனிதர் அவர். எதையாவது சொல்லித் தொலைக்க வேண்டுமே என்று சுற்றிலும் பார்த்தார். கதவோரம் ஒரு டென்னிஸ் மட்டை சாய்ந்திருந்தது.

"இது யாரு ஆடறது?"

"நான்தான்" என்றார் டாக்டரம்மா. "உங்களுக்கு இதுல ஈடுபாடு உண்டா?"

அப்போதுதான் அந்த உயிர் வாக்கியத்தைச் சொன்னார். பக்கத்திலிருந்த மனைவி அவர் கால் பெருவிரலை ஓங்கி மிதித்தாள். அதை அவர் ஊக்கமாக எடுத்துக்கொண்டார்.

"ஆடறதில்லீங்க. ஆனா டிவில ஒண்ணுகூட விடமாட்டேன். சாப்பாடு ஆறிப்போனாலும் சரி, முடியற வரைக்கும் எழுந்திருக்க மாட்டேன்."

டாக்டரம்மாவின் முகம் மலர்ந்தது. இத்தனை நேரமும் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தவர் முதல் தடவையாக அவர் கண்ணைப் பார்த்தார். "அப்போ உங்களுக்கு ஸ்கோர் சொல்லத் தெரியும்."

"அதுல என்னங்க இருக்கு. யாரு ஜாஸ்தி அடிச்சாங்களோ அவங்க பேரைச் சொல்ல வேண்டியதுதானே."

அதை நகைச்சுவை என்று நினைத்து டாக்டரம்மா விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்ததும் விஷயத்துக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் இறுதிப் போட்டி. எதிராளி ஒரு வக்கீலம்மா, பல வருஷத்துப் போட்டியாளர். வழக்கமாக நடுவராக உட்காருகிறவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

"ஊருக்கே கண்ணாடி போடற மனுஷர் நீங்க. கோட்டுமேல பந்து விழுந்துதா வெளியே விழுந்துதான்னு பார்க்க உங்களை விட்டா எனக்கு வேற யாரு? நீங்கதான் உட்காரணும்."

மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தார். டாக்டரம்மா பல்லைப் பார்த்தார். இவர் வாயை மூடிக்கொண்டார். மூடிய வாயோடு அவர் தலையை ஆட்டியது சம்மதமாகிவிட்டது.

வாசலில் செருப்பு மாட்டும்போது மாப்பிள்ளைப் பையன் அருகில் வந்து தணிந்த குரலில் பேசினான். அன்றைக்கு அவன் பேசியதே அவ்வளவுதான். "அங்கிள், ஒரு தடவை நான் உட்கார்ந்தேன். அம்மா அடிச்ச பந்து வெளியேன்னு சொல்லிட்டேன். அப்புறம் ரொம்ப நாள் எங்கிட்டப் பேசலை. நான் பையன், எப்படியோ சமாளிச்சுட்டேன்."

*

வீடு வந்து சேர்ந்தார்கள். கதவைச் சாத்தியதும் மனைவி ஆரம்பித்தாள்.

"கால்ல அந்த மிதி மிதிச்சேனே. வலிக்கலையா உங்களுக்கு?"

"நல்லாப் போயிட்டிருக்கு, மேல பேசுங்கன்னு சொல்றேன்னு நெனச்சேன்."

"கல்யாணம் நின்னுபோச்சுன்னா நீங்கதான் பதில் சொல்லணும். எனக்குத் தெரியாது."

மகள்தான் கைகொடுத்தாள். அவள் பிசியோதெரபிஸ்ட். உடம்பில் எங்கே எந்தத் தசை என்று பொறுமையாக விளக்கிப் பழகியவள். சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு நடுவில் ஒரு துணியைச் சுருட்டி வைத்தாள். அதுதான் வலை. இந்தப் பக்கம் உப்பு டப்பா, அதுதான் டாக்டரம்மா. அந்தப் பக்கம் மிளகுத்தூள் டப்பா, வக்கீலம்மா.

"முதல்ல ரெண்டு பேருக்கும் ஒண்ணும் கிடையாது. ஒண்ணும் இல்லைன்னா லவ்னு சொல்லணும்."

"என்னது?"

"லவ், அப்பா. பூஜ்யத்துக்கு இங்க பேரு லவ். ரெண்டு பேருக்குமே பூஜ்யம்னா லவ் ஆல்."

கண்ணாடிக்கடைக்காரர் திடுக்கிட்டு மனைவியைப் பார்த்தார். "ஒண்ணுமே இல்லாததுக்கு லவ்வுன்னு பேரு வெச்சிருக்கானாம்."

"சரியாத்தான் வெச்சிருக்கான்" என்றாள் மனைவி, அடுப்பங்கரையிலிருந்து.

மகள் விடாமல் மேலே சொன்னாள். "உப்பு ஒரு பாயிண்ட் எடுத்தா பதினஞ்சு. ரெண்டாவது எடுத்தா முப்பது. மூணாவது எடுத்தா..."

"நாப்பத்தஞ்சு" என்றார் அவர், வகுப்பில் முந்திக்கொள்கிற பையனைப் போல.

"நாப்பது."

"அது எப்படிம்மா? பதினஞ்சு, முப்பது, அப்புறம் நாப்பத்தஞ்சுதானே வரணும்?"

"நாப்பதுதான்."

"மீதி அஞ்சு எங்க போச்சு?"

"யாருக்கும் சரியாத் தெரியாதுப்பா. ஆளுக்கொரு கதை சொல்றாங்க."

"யாரும் கேக்கலையா?"

"நீங்களும் கேக்காதீங்க. நாப்பதுன்னு சொல்லிட்டு மேல போங்க."

மேலே போக முடியவில்லை. மனைவி தட்டு வைத்துச் சோறு போட்டாள். இரண்டு கவளம் சாப்பிட்டுவிட்டு, "அஞ்சை எவனோ அமுக்கிட்டான்" என்றார். கை கழுவும்போதும் அதையே சொன்னார். படுக்கப் போனவர் திரும்பி வந்து, மேசைமேல் இருந்த உப்பு டப்பாவையும் மிளகு டப்பாவையும் முறைத்துவிட்டுப் போனார்.

அடுத்த நாள் இன்னும் சிக்கலாயிற்று. நாற்பதுக்கு மேல் ஒரு பாயிண்ட் எடுத்தால் ஒரு கேம். ஆறு கேம் எடுத்தால் ஒரு செட், அதிலும் இரண்டு கேம் முந்தியிருக்க வேண்டும். கிளப் போட்டி என்பதால் ஒரே செட்டோடு முடிந்துவிடும். இதுவரை எப்படியோ தலையில் ஏறியது. இரண்டு பேரும் நாற்பதில் நின்றால் டியூஸ் என்றாளே மகள், அங்கேதான் வண்டி நின்றுவிட்டது.

"டியூஸ்ல ஒருத்தர் பாயிண்ட் எடுத்தா அட்வான்டேஜ். அவங்களே அடுத்ததும் எடுத்தா கேம். இல்லைன்னா மறுபடி டியூஸ்."

"ஒருத்தர் முந்திட்டார் இல்ல, அதோட விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே. திரும்ப எதுக்கு இழுக்கணும்?"

"அடுத்தடுத்து ரெண்டு எடுக்கணும்பா."

"இப்படியே மாறி மாறி எடுத்துட்டிருந்தா?"

"ஆடிட்டே இருக்க வேண்டியதுதான்."

"எனக்குக் கடை இருக்கும்மா" என்றார் அவர் பரிதாபமாக.

*

கடையில் வேலை ஓடவில்லை. ஃபிரேமைத் துடைத்தபடி வாய்க்குள் முனகினார். லென்ஸை அறுக்கும்போதும் முனகினார். பின்னறையில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரை நாற்காலியில் உட்கார வைத்து, சோதனை ஃபிரேமை மூக்கில் மாட்டி, எதிர்ச் சுவரில் எழுத்துப் பலகையை ஏற்றிவிட்டு, "லவ் ஆல்" என்றார்.

"நல்ல எண்ணம்தான்" என்றார் தலைமையாசிரியர். "ஆனா எனக்கு மேல் வரியே தெரியலை."

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு ஒரு லென்ஸைச் செருகினார். எடுத்துவிட்டு வேறொன்றைச் செருகினார். அன்றாடம் கேட்கிற கேள்வியைக் கேட்டார். "முதல்ல போட்டது தெளிவா, இது தெளிவா?"

"இது."

இன்னொரு முறை மாற்றிக் காட்டினார். "இப்போ?"

"இப்போ அது தேவலை."

மறுபடி மாற்றினார். "இப்போ?"

தலைமையாசிரியர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒண்ணுதான்" என்றார்.

கண்ணாடிக்கடைக்காரரின் கை லென்ஸோடு அந்தரத்தில் நின்றது. ஒரே ஒரு பதிலை நம்பி அவர் யாருக்கும் கண்ணாடி போட்டதில்லை. இது தெளிவு என்று ஒருமுறை சொன்னால் போதாது. மாற்றிக் காட்டிக் கேட்கும்போது அடுத்த தடவையும் அதையே சொல்ல வேண்டும். பேச்சை மாற்றினால் பழைய இடத்துக்குத் திரும்பி முதலிலிருந்து கேட்பார். இத்தனை வருஷமாக இந்தப் பின்னறையில் அவர் செய்துகொண்டிருந்தது வேறென்ன?

"டியூஸ்" என்றார் வாய்விட்டு.

"அப்படீன்னா? ஏதாவது பெரிய வியாதியா?" என்றார் தலைமையாசிரியர் கலவரத்தோடு.

"இல்லீங்க ஐயா. நீங்க ரெண்டு பக்கமும் நாப்பதுல நிக்கறீங்க."

"எனக்கு எழுபத்தொண்ணு ஆகுது" என்றார் அவர்.

அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டு, முன்னால் கவுன்டரில் நின்ற மனைவியிடம் ஓடினார். "புரிஞ்சுடுச்சு. லென்ஸ் மாத்தற மாதிரிதான்." மனைவி ஒரு வாடிக்கையாளரின் காதில் ஃபிரேமின் கம்பியை வளைத்துக்கொண்டிருந்தாள். "அந்த அஞ்சும் புரிஞ்சுதா?" என்று கேட்டாள். அவர் முகம் தொங்கிப்போனது.

*

ஞாயிற்றுக்கிழமை வெயில் சுள்ளென்று அடித்தது. வலைக்குப் பக்கத்தில் ஏணி வைத்த உயரமான நாற்காலி ஒன்று நின்றது. கண்ணாடிக்கடைக்காரர் தன் கண்ணாடியை மும்முறை துடைத்துப் போட்டுக்கொண்டு அதில் ஏறினார். ஓரத்து பெஞ்சில் மனைவி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மகளும் மாப்பிள்ளைப் பையனும் அவளுக்கு அந்தண்டை. கிளப்காரர்கள் ஒரு கூட்டமாக டீயும் கையுமாக நின்றார்கள்.

வக்கீலம்மா குட்டையான, உருண்டையான மனுஷி. வந்ததும் நாற்காலியை அண்ணாந்து பார்த்து, "நடுவர் எதிர்த்தரப்புக்கு உறவுன்னு கேள்விப்பட்டேன்" என்றார்.

"இன்னும் ஆகலைங்க" என்றார் இவர்.

"அப்போ ஆட்சேபணை இல்லை."

ஆட்டத்தைத் தொடங்கி வைக்க வேண்டும். அவர் மெல்ல, கல்யாணப் பத்திரிகையில் எழுத்துப் பிழை இருப்பதைச் சொல்கிற குரலில், "லவ் ஆல்" என்றார்.

"கேக்கலை" என்றார் டாக்டரம்மா.

வருங்காலச் சம்பந்தியைப் பார்த்து எப்படி இதை உரக்கச் சொல்வது என்று அவருக்குக் கூச்சமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, "லவ் ஆல்" என்று கத்தினார். வெளியே போன சைக்கிள்காரர் ஒருவர் காலை ஊன்றி நின்றுவிட்டார். பெஞ்சுப் பக்கம் யாருக்கோ டீ புரையேறியது.

முதல் கேமில் டாக்டரம்மா சாட்டையால் அடிப்பது போல அடித்தார். பதினைந்து, முப்பது என்று ஏறிக்கொண்டே வந்தது. மூன்றாவது பாயிண்டில் இவர் வாய் தன்போக்கில் போனது. "நாப்பத்தஞ்சு... லவ்."

இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள்.

"நாப்பது" என்றார் டாக்டரம்மா.

"நாப்பதுதாங்க. அஞ்சு தள்ளுபடி."

கூட்டம் சிரித்தது. டாக்டரம்மாவும் சிரித்துவிட்டு நாலாவதையும் அடித்துக் கேமை முடித்தார். அவர் கேம்களெல்லாம் அப்படித்தான் இருந்தன, எதிராளிக்கு ஒரு பாயிண்ட் கூடக் கொடுக்காமல் வந்த சுவடு தெரியாமல் முடிந்தன. வக்கீலம்மாவின் வழி வேறு. வழக்கை ஒத்திப்போட்டு ஒத்திப்போட்டு எதிர்த்தரப்பைக் களைக்க வைக்கிற வழி. பந்தை உயரத் தூக்கிப் போடுவார். டாக்டரம்மா ஓடுவார். திரும்ப இந்த மூலையில் தூக்கிப் போடுவார். வக்கீலம்மா எடுத்த ஒவ்வொரு கேமும் டியூஸ் வரை போய், அங்கேயே குடித்தனம் நடத்திவிட்டுத்தான் வந்தது.

முதல் டியூஸில் இவருக்கு அந்த வார்த்தை நினைவுக்கு வரவில்லை. தலைமையாசிரியர்தான் நினைவுக்கு வந்தார். "ரெண்டும் ஒண்ணுதான்" என்று அறிவித்தார். கூட்டத்துக்கு அது பிடித்துப்போயிற்று. அதற்குப் பிறகு டியூஸ் வரும்போதெல்லாம் டீ கோப்பையைத் தூக்கிப் பிடித்து எல்லோரும் சேர்ந்து, "ரெண்டும் ஒண்ணுதான்" என்று பாட ஆரம்பித்துவிட்டார்கள்.

வக்கீலம்மா ஐந்து, டாக்டரம்மா நாலு. அடுத்த கேமை எடுத்தால் வக்கீலம்மாவுக்குக் கோப்பை. டியூஸ். அட்வான்டேஜ். டியூஸ். அட்வான்டேஜ். பந்து வலையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்க்கொண்டே இருந்தது. கண்ணாடிக்கடைக்காரரின் கழுத்து மின்விசிறி போலத் திரும்பித் திரும்பி வலித்தது. சற்று இளைப்பாறக் கூட்டத்தின் பக்கம் பார்த்தார். அங்கே முன்வரிசையில் நின்ற ஒருவரின் கண்ணாடி கோணலாக இருந்தது.

அதைப் பார்த்தபின் அவரால் வேறெதையும் பார்க்க முடியவில்லை. இடப் பக்கக் கம்பி தளர்ந்து, ஃபிரேம் ஒரு புருவத்தின் மேலேறி நின்றது. சின்ன ஸ்க்ரூதான். இறுக்கினால் அரை நிமிஷத்தில் சரியாகிவிடும். மனிதர் எப்படித்தான் இதோடு நடமாடுகிறாரோ, தலை வலிக்காதோ என்று யோசித்துக்கொண்டே இருந்துவிட்டார்.

மைதானம் நிசப்தமானது. திரும்பினார். இரண்டு பெண்களும் மட்டையை இடுப்பில் ஊன்றி அவரையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பந்து பின்கோட்டுக்கு அப்பால் வேலியோரம் உருண்டு கிடந்தது.

"சொல்லுங்க" என்றார் டாக்டரம்மா. "என்னோட அட்வான்டேஜா இருந்தது. நான் அடிச்சது உள்ளே. இந்தக் கேம் எனக்கு."

"இல்லவே இல்லை" என்றார் வக்கீலம்மா. "டியூஸா இருந்தது. பந்து வெளியே. எனக்கு அட்வான்டேஜ்."

கண்ணாடிக்கடைக்காரர் திருதிருவென விழித்தார். டியூஸா, அட்வான்டேஜா என்பதும் தெரியவில்லை, உள்ளேயா வெளியேயா என்பதும் தெரியவில்லை. இரண்டையும் சேர்த்துக் கோட்டை விட்டிருந்தார். மகளின் முகத்தைப் பார்த்தார். மாப்பிள்ளைப் பையன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். சம்பந்தியம்மாவுக்கு ஆதரவாகச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் மனம் சபலப்பட்டது. ஆனால் வக்கீல் குறுக்கு விசாரணை செய்தால் தாங்காது என்று தோன்றியது.

"எனக்குத் தெரியலைங்க" என்றார். "நான் அந்தப் பக்கம் ஒருத்தரோட ஃபிரேமைப் பார்த்துட்டிருந்தேன்."

யாரும் எதுவும் சொல்வதற்குள் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது.

"டியூஸ்தான் இருந்தது. பந்து வெளியே. ரெண்டு விரல்கடை வெளியே."

அவர் மனைவி. கைப்பையை மடியிலிருந்து எடுக்காமலே, வலது கையின் இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்று நாற்காலியிலிருந்தே கேட்டார் அவர்.

"நாலு நாளா வீட்லயும் கடையிலயும் இதையேதானே ஓதிட்டிருந்தீங்க. கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம் ஆயிடுச்சு. உங்களுக்குத்தான் ஆகலை."

வக்கீலம்மா பெஞ்சை நோக்கித் தலைவணங்கினார். "சாட்சி நம்பகமானவர்."

"அவங்க எனக்குச் சம்பந்தி ஆகப்போறவங்க" என்றார் டாக்டரம்மா. "எனக்குச் சாதகமாத்தானே பேசணும்?"

"பேசலையே. அதனாலதான் நம்பகமானவர்."

டாக்டரம்மா மட்டையால் நாற்காலியைக் காட்டி, "அப்போ அவங்களே ஏறி உட்காரட்டும்" என்றார் கடுகடுவென்று. கண்ணாடிக்கடைக்காரர் இறங்கினார், அவர் மனைவி கைப்பையோடு ஏறினாள். ஏணியில் இருவரும் எதிரெதிரே வந்தபோது, "மிதிக்காதே" என்றார் அவர். "நேரமில்லை" என்றாள் அவள்.

மேலே போய்ப் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, "அட்வான்டேஜ் வக்கீலம்மா" என்று கணீரென்று சொன்னாள். அடுத்த பந்தை வக்கீலம்மா வழக்கம்போல வானத்துக்கு அனுப்பினார். டாக்டரம்மா ஓடிப்போய்க் கோபத்தோடு ஓங்கி அடித்தார். பந்து வலையில் சிக்கிக்கொண்டது.

"முடிஞ்சது. வக்கீலம்மாவுக்கு ஆறு, டாக்டரம்மாவுக்கு நாலு" என்றாள் மனைவி, தயை தாட்சண்யம் இல்லாமல்.

*

டாக்டரம்மா மரத்தடி பெஞ்சில் போய் உட்கார்ந்து தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார். மகன் தண்ணீர் கொண்டுபோனான், வாங்கவில்லை. மகள் பயந்துபோய் அப்பாவைப் பார்த்தாள். கண்ணாடிக்கடைக்காரர் ஒரு டீயை எடுத்துக்கொண்டு போய், பெஞ்சின் மறு முனையில் உட்கார்ந்தார். வழக்கம்போல மௌனத்தில் அவருக்கு மூச்சு முட்டியது.

"டாக்டரம்மா, எனக்கு ஒரு சந்தேகம்."

துண்டு அசையவில்லை.

"நீங்க எடுத்த கேம் எல்லாத்துலயும் அந்தம்மாவுக்கு ஒரு பாயிண்ட் கூடப் போகலை. அவங்க எடுத்தது எல்லாம் இழுத்துப் பறிச்சு ரெண்டே பாயிண்ட் வித்தியாசத்துல எடுத்தது. மொத்தமாக் கூட்டிப் பார்த்தா நீங்கதானே ஜாஸ்தி பாயிண்ட் எடுத்திருக்கீங்க?"

துண்டு லேசாக விலகியது. "ஆமா."

"ஜாஸ்தி எடுத்தவங்க எப்படித் தோக்க முடியும்?"

"டென்னிஸ்ல மொத்தமாக் கூட்டக் கூடாது. கேமுக்குக் கேம் அழிச்சுட்டு முதல்லேர்ந்து எண்ணணும்."

"அநியாயமா இருக்கே."

"அநியாயம்தான்" என்றார் டாக்டரம்மா. "ஆடத் தொடங்கின நாள்லேர்ந்து நான் சொல்லிட்டிருக்கேன், ஒருத்தரும் காதுல வாங்கலை." துண்டை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். டீயை வாங்கினார். "உங்களுக்கு டென்னிஸ் எப்போலேர்ந்து தெரியும்?"

"புதன்கிழமைலேர்ந்துங்க."

டாக்டரம்மா தோள் குலுங்கச் சிரித்தார். சிரிப்பில் டீ கொட்டிவிடாமல் இருக்கக் கோப்பையை இவரிடமே திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. சிரித்து ஓய்ந்ததும் குரலைத் தாழ்த்தி, "அந்தப் பந்து நிஜமாவே வெளியேயா?" என்று கேட்டார்.

"என் வீட்டுக்காரி சொன்னா வெளியேதாங்க. கல்யாணமான நாள்லேர்ந்து அவ வெளியேன்னு சொல்லி ஒண்ணும் உள்ளே விழுந்ததில்லை."

"எனக்கும் தெரியும்" என்றார் டாக்டரம்மா. "அடிக்கும்போதே தெரிஞ்சுது."

இருவரும் சேர்ந்து சிரிப்பதைப் பார்த்த பிறகுதான் மைதானத்தின் அந்தப் பக்கம் நின்ற பிள்ளைகள் இரண்டு பேரும் மூச்சு விட்டார்கள். கண்ணாடிக்கடைக்காரரின் மனைவியை மறு ஞாயிறும் நடுவராக வரச் சொல்லிக் கிளப்காரர்கள் அங்கேயே கேட்டுவிட்டார்கள். அவள் கொஞ்சம் பிகு பண்ணிவிட்டு ஒப்புக்கொண்டாள்.

கல்யாணத்தைப் பதிவு அலுவலகத்தில் எளிமையாக வைத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் தன்னோடு சேர்ந்து சாட்சிக் கையெழுத்துப் போட டாக்டரம்மா வக்கீலம்மாவையே அழைத்திருந்தார். பெண்ணும் பிள்ளையும் கையெழுத்துப் போட்டு முடித்துத் தள்ளி நின்றார்கள். பதிவாளர் சாட்சிகளுக்குப் பேனாவை நீட்டி, "உங்க ரெண்டு பேர்ல யாரு முதல்ல?" என்று கேட்டார். டாக்டரம்மா கையை நீட்டினார். வக்கீலம்மாவும் நீட்டினார். இருவரும் ஒருவரையொருவர் முறைத்தார்கள். வெளியே அடுத்த ஜோடி காத்திருந்தது. பதிவாளர் பேனாவை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் அப்படியும் இப்படியும் ஆட்டினார். கடைசியில் வக்கீலம்மா கைப்பையைத் திறந்து ஒரு நாணயத்தை எடுத்துச் சுண்டினார்.

"தலை" என்றார் டாக்டரம்மா.

நாணயம் மேசையில் விழுந்து, உருண்டு, பீரோவுக்கு அடியில் போய்விட்டது. சம்பந்திகளும் பதிவாளரும் சேர்ந்து பீரோவை நகர்த்தத் தொடங்கினார்கள்.